இரண்டு விரல் இடைவெளி

1

ரெங்கசாமி முதலாளி, நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் அச்சில், நீங்கள் கழுத்தில் மாலையோடு நிற்கும் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் யூசுப். திருச்சி பாலக்கரைக்காரன். ஒன்பது வருஷமாக ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிறேன். கப்பல் ஏறியபோது இந்த நாட்டுக்குப் பெயர் மலாயா, இப்போது மலேசியா. நம் ஊரில் வரும் இந்தப் பத்திரிகையில் முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், இங்கத்து மழையைப் பற்றி ஒன்று, மீன் சந்தையைப் பற்றி ஒன்று. இந்தத் தடவை பெருநாள் கொண்டாட்டத்தைப் பற்றி எழுதச் சொல்லி ஆசிரியர் கேட்டிருந்தார். மன்னிக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் வேறு எதுவும் வரவில்லை.

போன மாதம் என் மச்சான் திருச்சியிலிருந்து ஒரு விழா மலர் அனுப்பினார். ரெங்கசாமி முதலாளியின் லாரி கம்பெனிக்குப் பத்தாவது வருஷம் பிறந்ததற்காகப் போட்ட மலர். பச்சைமலைக்கு முதல் லாரி விட்ட கதையை முதலாளியே அதில் எழுதியிருக்கிறார். அந்த முதல் லாரியின் பாரம் தாங்கும் பின்பக்கப் பட்டைகளை உள்ளூர்க் கொல்லன் ஒருவன் இடைவெளி விட்டு அரைகுறையாக அமைத்துவிட்டானாம். அதனால் ஓர் உயிர் போயிற்றாம். பிறகு முதலாளி தாமே யோசித்து, பாரத்துக்கும் ஆளுக்கும் ஏற்றபடி ஒரு புது அமைப்பைக் கண்டுபிடித்தாராம். அதன் படமும் போட்டிருக்கிறது.

அந்தக் "கொல்லன் ஒருவன்" என் கூட்டாளி அந்தோணி. பெயரைக்கூட எழுத மனசு வரவில்லை உங்களுக்கு.

2

இங்கே என் பிழைப்பு காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் ஆரம்பிக்கும். பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட் முடுக்குவேன். மேலே நிற்கும் சீனத்து ஃபோர்மன் மலாயில் கேட்பார், நான் தமிழும் மலாயும் கலந்து பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் பாதிதான் புரியும். ஆனாலும் பஸ் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் என் மகள் ஜெய்னப் லாரியை "லோரி" என்கிறாள். திருத்தினால், "இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அத்தா, நீங்கதான் தப்பா சொல்றீங்க" என்கிறாள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் நான் மிரட்டினால்.

மலர் வந்த அன்று அது சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. ஜெய்னப் புரட்டினாள். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"அத்தா, இது நீங்க வரைஞ்சதா?"

"எது?"

"இந்த லோரிப் படம். ரெண்டு விரல் போட்டிருக்கே."

வாங்கிப் பார்த்தேன். முதலாளி கண்டுபிடித்ததாகப் போட்டிருந்த அந்தப் படத்தில், மேல் பட்டைக்கும் லாரியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் இரண்டு மனித விரல்கள் வரைந்திருந்தன. எந்த இன்ஜினியரும் படத்தில் விரல் வரைய மாட்டான். அளவு எழுதுவான். ஒர்க்‌ஷாப்பில் நான் கிறுக்கும் காகிதங்களில் இடைவெளி என்றால் இன்னும் விரல்தான் போடுகிறேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று என் மகளுக்குத் தெரியாது. தெரிந்த ஆள் திருச்சியில் ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நாங்கள் ஒரு புளியங்கட்டையைக் கீழே கொடுத்து வைப்போம். அன்றைக்கு அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது என்ன கட்டை என்று அவளுக்குத் தெரியும்.

3

அந்த லாரி யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாளத்து லாரி. ரெங்கசாமி முதலாளி குடும்பம் மணப்பாறையில் மாட்டு வண்டி வைத்து மூட்டை அடித்தவர்கள். அவர் கையில் வந்த முதல் மோட்டார் அதுதான். துறையூர் அடிவாரத்திலிருந்து பச்சைமலைக்கு ஆட்களையும் உப்பையும் அரிசியையும் ஏற்றிப் போக வேண்டும், திரும்பும்போது மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை இறக்கிவர வேண்டும் என்றார். நல்ல எண்ணம். அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அப்போது அந்த மலைக்கு பஸ் கிடையாது.

சிக்கல் பின்பக்கத்தில். லாரியின் பாரத்தைத் தாங்குவது வில்லாக வளைத்து அடுக்கிய எஃகுப் பட்டைகள். கமான் பட்டை என்போம். இந்த லாரியில் இருந்தவை பீரங்கிக் குண்டு சுமக்கப் போட்ட தடிப் பட்டைகள். பாரம் ஏற்றினால் சாது. வெறுமனே ஓட்டினால் கழுதை மாதிரி பின்னால் உதைக்கும். பட்டையைக் குறைத்தால் ஆட்கள் சுகமாகப் போவார்கள், ஆனால் கிழங்கு மூட்டை ஏறியதும் லாரி உட்கார்ந்துவிடும்.

நான் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன், படம் போடத் தெரியும். அந்தோணிக்குப் பாலக்கரையில் பட்டறை. எஃகை நெருப்பில் பார்த்தே பதம் சொல்வான். வருகிறவர்களிடம், "பாய் கோடு போடுவாரு, நான் அடி போடுவேன். கோடு தப்பினா அழிச்சிக்கலாம், அடி தப்பினா அழிக்க முடியாதுங்க. அதனால யாரு பெரியவன்னு நீங்களே சொல்லுங்க" என்பான்.

பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் லாரியின் பின்பக்கத்தை நிஜ அளவில் வரைந்தேன். கீழே மெல்லிய நீளப் பட்டைகள் ஆறு. அவற்றின் தலைமேல் தடித்த குட்டைப் பட்டைகள் நான்கு. மேல் பட்டைகளின் முனைகள் சேஸிஸில் அடித்த இரும்புத் தாங்கியைத் தொடாமல் சும்மா நிற்க வேண்டும். ஆட்கள் மட்டும் ஏறினால் கீழ்ப் பட்டைகள் மட்டும் வேலை செய்யும். மூட்டை ஏற ஏற லாரி அமுங்கும், இடைவெளி மூடும், மேல் பட்டைகள் தாங்கியில் முட்டிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஒரே லாரிக்கு இரண்டு குணம். சூட்சுமம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருந்தது.

அது எவ்வளவு என்று கண்டுபிடிக்கக் காவிரி மணலை மூட்டை கட்டி ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒவ்வொரு மூட்டைக்கும் லாரி எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். நாலு நாள் அதே வேலை. கடைசியில் அளவு கிடைத்ததும் தரையில் எழுதினேன். அந்தோணி சிரித்தான்.

"பாய், உங்க கிறுக்கல் எனக்கு எதுக்கு? இதப் பாருங்க."

சொல்லிவிட்டுத் தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, தரையில் நான் வரைந்திருந்த இடைவெளியில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. விரல்களைச் சுற்றி அப்படியே கோடு இழுத்தேன். பிறகு முதலாளிக்காகக் காகிதத்தில் படம் வரைந்தபோதும் அந்த விரல்களை விடாமல் போட்டேன். அந்தக் காகிதத்தை முதலாளி கையில் கொடுத்தோம். அன்றைக்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை, இந்த மலரில் பார்க்கும்வரை.

4

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் மணல் வண்டி போகும் தடம் ஒன்று உண்டு. பள்ளமும் வேருமாக இருக்கும். அங்கேதான் ஓட்டிப் பார்த்தோம். மலைப்பாதையின் வளைவுகளைச் சொல்வதற்காகப் பெரியண்ணன் என்ற மலைக்காரரை முதலாளி வரவழைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அதற்கு முன் மோட்டாரில் ஏறியதில்லை. லாரியின் கடைசியில், உதை அதிகம் விழுகிற இடத்தில், ஒரு குடம் தண்ணீரை வைத்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். எவ்வளவு தளும்புகிறது என்று பார்க்க.

கரை முழுக்கப் போய்த் திரும்பினோம். குடத்தில் கழுத்தளவுக்குத் தண்ணீர் இருந்தது.

"எப்படிங்க இருந்துச்சு?" என்று அந்தோணி கேட்டான்.

"எங்க ஊரு கட்டவண்டியில ஏறுனா குடலு வாய்க்கு வரும். இதுல தூக்கம் வருது" என்றார் பெரியண்ணன். பிறகு குடத்தைக் காட்டி, "இந்தத் தண்ணிய என்ன பண்றது? கொட்டிடாதீங்க, இவ்வளவு தூரம் பத்திரமா வந்திருக்கு" என்று எடுத்துக் குடித்தார்.

அந்தோணி என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தான். அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு ஈப்போவில் வந்ததில்லை. சம்பளம் வந்திருக்கிறது, வீடு வந்திருக்கிறது. அந்த அடி வரவில்லை.

5

சமயபுரத்தில் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழம், மாலை, மணப்பாறையிலிருந்து முதலாளியின் சொந்தக்காரர்கள் எல்லாம். லாரி வாங்கினால் நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவன் எல்லாம் குனிந்து அடியில் பார்ப்பான், ஒரு தட்டுத் தட்டுவான், தலையை ஆட்டுவான். முதலாளியின் சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"என்னடா ரெங்கா, பட்டை ஒட்டாம நிக்குது? பாதி வேலையில ஓட்டிட்டு வந்துட்டாங்களா?"

முதலாளியின் முகம் மாறியது. என்னிடம் வந்தார். "என்ன பாய் இது? வண்டியில எங்கயாச்சும் சந்து விட்டா ஆப்பு அடிச்சு இறுக்கணும்யா. எங்க வீட்டு மாட்டுக்காரனுக்குக்கூடத் தெரியும்."

அப்போது நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். பொறுமையாக விளக்கியிருக்கலாம். ஒரு மூட்டையை ஏற்றிக் காட்டியிருக்கலாம். நான் அத்தனை பேர் முன்னால், "முதலாளி, இது மாட்டு வண்டி இல்லீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

அந்தோணி மட்டும் என் காதில், "வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் பாய்" என்றான்.

மாட்டு வண்டியில் அச்சு ஆடினால், சக்கரத்தின் குடம் தளர்ந்தால், சந்து விழுந்தால், புளியங்கட்டையைச் செதுக்கி ஆப்பு அடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. பூஜைக்கு மறுநாள் நாங்கள் இல்லாதபோது முதலாளி அதைத்தான் செய்தார். நான்கு முனையிலும் நான்கு ஆப்பு. மேல் பட்டைகள் எந்நேரமும் சேஸிஸில் முட்டிக்கொண்டு நின்றன. நாங்கள் ஒரு மாதம் பாடுபட்டு அடக்கிய கழுதை மறுபடி எழுந்துகொண்டது.

மூன்றாம் நாள் லாரி ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறியது. இரண்டாம் வளைவுக்கு முன்னால் ஓடையில் கல் பாவிய இடம். அதில் ஏறி இறங்கிய அதிர்ச்சியில் இடது பக்கத்து ஆப்பு ஒன்று தெறித்து விழுந்தது. ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் குழைவு. வளைவில் லாரி ஒருபுறமாகத் தூக்கி அடித்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியண்ணன் வெளியே விழுந்தார். எங்கள் பேச்சை நம்பித்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்துக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

6

செய்தி கேட்டதும் நான் துறையூர் பஸ் பிடித்தேன். அதற்குள் அந்தோணியைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. அடிவாரத்தில் இறங்கி அந்த வளைவுவரை நடந்தேன். ஓடைக்கல் பக்கத்தில் புல்லில் கிடந்தது அந்த ஆப்பு. ஒரு பக்கம் பட்டையின் முனை பதிந்த பள்ளம், மறுபக்கம் தாங்கியில் இருந்த இரண்டு ரிவெட் ஆணித் தலைகளின் அச்சு. பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

லாரியை முதலாளியின் கொட்டகைக்கு இழுத்து வந்திருந்தார்கள். நான் போனபோது மற்ற மூன்று முனையிலும் ஆப்பு இல்லை. தாங்கியில் மரத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது. காலையில் வந்த இன்ஸ்பெக்டர் இடைவெளியைத்தான் பார்த்திருக்கிறார். பட்டை சேஸிஸோடு சேராமல் நிற்கிறது, வேலை சரியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் ஆப்பை முதலாளி முன்னால் நீட்டினேன்.

"இது என்னங்க?"

அவர் கதவைச் சாத்தினார். கண் சிவந்திருந்தது. அழுதிருந்தார் என்றுதான் நினைக்கிறேன். "நல்லதுன்னு நெனச்சுத்தான்யா அடிச்சேன். சத்தியமா."

"சரிங்க. அதப் போய்ச் சொல்லுங்க. அந்தோணி உள்ள இருக்கான்."

"சொன்னா நான் உள்ள போவேன்."

"அவன் எதுக்குப் போகணும்?"

பிறகு அவர் பேச்சு மாறியது. "பாய், உனக்கு மலாயா பெர்மிட் வந்திருக்குல்ல? எத்தனை மாசம் செல்லும்?"

நீட்டிய ஆப்பை மறுபடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீ சாட்சின்னு போய் நின்னா கேஸ் முடியிற வரைக்கும் ஊரை விட்டு விட மாட்டாங்க. பெர்மிட் செத்துடும். உன் பேரை நான் எங்கயும் எழுதல. படம் போட்டது யாருன்னு கேட்டாங்க, யாரும் இல்ல, கொல்லன் தானா பண்ணினதுன்னுட்டேன். உனக்காகத்தான் சொல்றேன். அந்தோணிக்கு ஒண்ணும் ஆகாது, நாலு நாள்ல விட்டுருவாங்க."

பெர்மிட்டுக்காக நான் இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருந்தேன். ஒரு ஆபீஸில் பிறந்த தேதி இல்லை என்றார்கள், இன்னொன்றில் போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள். வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் கையெழுத்து வேறு வேண்டும். அதை வாங்கி வைத்திருந்தேன். கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். ஆப்பு என் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அந்தோணியைப் பதினோரு நாள் கழித்து விட்டார்கள். வழக்கைப் பிறகு தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால் ஆளைக் கொன்ற பட்டறை என்று ஊரில் பேச்சாகிவிட்டது. ஒரு லாரியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எஃகின் பதம் அறிந்த அந்தக் கை ஒன்பது வருஷமாகக் கதவுக் கீல் அடித்துக்கொண்டிருக்கிறது.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஆப்பைப் பற்றி அவனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எனக்கு எழுதிய முதல் கடிதத்தில், "பாய், நம்ம கணக்குலதான் எங்கேயோ தப்பு. நான் தினமும் யோசிச்சுப் பாக்குறேன், பிடிபடல. உங்களுக்குப் பிடிபட்டா எழுதுங்க" என்று இருந்தது. நான் பெருநாள் வாழ்த்து எழுதினேன். வருஷா வருஷம் வாழ்த்து எழுதினேன்.

முதலாளியைப் பொய்யர் என்று எழுதும் நான் யார் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான்.

7

மலரைப் பார்த்த மறுநாள் அந்தோணிக்கு முழுதும் எழுதினேன். கட்டையை அனுப்பப் போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். ஒரு ஃபாரத்தைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பொருள் என்ன? மரத்துண்டு. எதற்கு அனுப்புகிறாய்? மலாயில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "நண்பனுக்குத் திருப்பித் தர" என்று எழுதினேன். குமாஸ்தா பார்த்துவிட்டு, மரம் என்றால் பூச்சி இல்லை என்று விவசாய ஆபீஸில் சான்றிதழ் வாங்கி வா என்றார். அந்த ஆபீஸில், எந்த நாட்டு மரம் என்று கேட்டார்கள். இந்தியா என்றேன். வந்தபோது பதிவு செய்தாயா என்றார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டிரங்குப் பெட்டியில் ஒளித்து வந்ததை எப்படிப் பதிவு செய்வது? மூன்று வாரம் அலைந்தேன்.

ஜெய்னப்பும் ஒருநாள் கூட வந்தாள். "இவ்வளவு கஷ்டத்துக்கு அந்த அங்கிளுக்கு ஒரு புதுக் கட்டை வாங்கி அனுப்பலாமே அத்தா" என்றாள். திட்டப் போனேன். பிறகு, வரிசையில் நின்றுகொண்டே அவளுக்கு முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ நீங்க ஏன் சொல்லல?" தெளிவான தமிழில் கேட்டாள்.

போன வாரம் அந்தோணியிடமிருந்து பதில் வந்தது. மூன்று வரி.

"கணக்கு சரிதானா. ஒன்பது வருஷம் பாய். கட்டைய அனுப்புங்க."

நலமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு வர வேண்டியது அதுதான். வாங்கிக்கொண்டேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது, கட்டை கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. கதவு இப்போது அடித்துக்கொள்கிறது, அடிக்கட்டும்.

இனி உங்கள் முறை, ரெங்கசாமி முதலாளி. தெரியாமல் ஆப்பு அடித்ததற்காக நான் உங்களைக் கேட்கவில்லை. உங்களைக் கேலி செய்ததால் எனக்கும் அதில் பங்கு உண்டு. அந்த ஆப்புகளைப் பிடுங்கி எறிந்ததற்குக் கேட்கிறேன். இன்னொருவனை உள்ளே போக விட்டதற்குக் கேட்கிறேன். செத்தவரின் பெயரைக்கூட உங்கள் மலரில் போடாததற்குக் கேட்கிறேன். அவர் பெயர் பெரியண்ணன்.

அந்தோணிக்கு யாராவது படித்துக் காட்டும்படி, இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். மழுப்ப வேண்டாம். இரண்டே கேள்விகள்.

இடைவெளிதான் ஆளைக் கொன்றது என்றால், இன்றைக்கு மலை ஏறும் உங்கள் லாரிகள் அத்தனையிலும் அதே இடைவெளியை ஏன் விட்டிருக்கிறீர்கள்?

அடுத்தது. அந்தோணியின் நடுவிரல் நுனி இளம் வயதில் சம்மட்டிக்குப் போய்விட்டது. அது ஆள்காட்டி விரலைவிடக் குட்டை. உங்கள் மலரை எடுத்து, நீங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் படத்தைப் பாருங்கள். அச்சுக்குப் பிளாக் செய்தவன் ஒரு கோடு விடாமல் எடுத்திருக்கிறான். உங்கள் கையில் பத்து விரலும் முழுசாக இருக்கிறது. அந்தப் படத்தில் இருக்கும் குட்டை விரல் யாருடையது? ஊர் அறியச் சொல்லுங்கள்.